வீட்டுக்குக் கதவு, வைஃபைக்குப் பாஸ்வேர்ட்

(தோட்டக் குடும்பங்களுக்கான நலன்புரிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2020, 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடி நம்ம பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. இன்று பல லயக் காம்பிராக்களில் ரவுட்டர் இருக்கிறது. ஆனால், "மாசம் முடியுமுன்னே டேட்டா முடிஞ்சிருதுங்க" என்கிறீர்கள். முதலில் யோசியுங்கள்: உங்கள் பாஸ்வேர்ட் எத்தனை பேரிடம் இருக்கிறது?

வைஃபை சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்துக் காம்பிராப் பிள்ளை படிக்கக் கேட்டால் கொடுப்பது நல்ல மனசு. அது கைமாறிக் கைமாறிப் போனால், படம் பார்ப்பது ஒருத்தர், காசு கட்டுவது நீங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால், யாரோ செய்யும் தப்புக்கும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 போல ஓர் இலக்கம் இருக்கும். போனை அந்த வைஃபையில் இணைத்து, அந்த இலக்கத்தைக் குரோமில் அடித்தால் செட்டிங் திறக்கும். அங்கே செய்ய வேண்டியவை:

1. செட்டிங்குக்குள் நுழையும் பாஸ்வேர்டையும், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். பிள்ளை பெயர், போன் நம்பர் வேண்டாம். 12 எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

2. பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தெரிவு செய்யுங்கள். டபிள்யூபிஎஸ் இருந்தால் நிறுத்துங்கள்.

3. 'கெஸ்ட்' வசதி இருந்தால் அயலவருக்கு அதைக் கொடுங்கள். வேண்டாதபோது அதை மட்டும் நிறுத்தலாம்.

இனி, வேலை செய்யாவிட்டால்? உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க. டேட்டா மிச்சம் இருக்கா என்று பாருங்கள். இன்னொரு போனில் பாருங்கள்; அதில் வேலை செய்தால் கோளாறு முதல் போனில்தான். எதிலும் இல்லையென்றால் ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கள். தகரம் சிக்னலை மறைக்கும். ஆகவே அலுமாரிக்குப் பின்னால் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வையுங்கள். தூரத்து அறைக்கு 2.4 அலைவரிசைதான் நன்றாக எட்டும். ரீசெட் துளையைக் கடைசியில்தான் அழுத்த வேண்டும். அழுத்தினால் நீங்கள் மாற்றியதெல்லாம் அழிந்து பழைய ஸ்டிக்கர் பாஸ்வேர்டே திரும்பிவரும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் அதிகம். வானம் இருண்டதுமே பிளக்கைக் கழற்றுங்கள். மின்னல் வெட்டும்போது தொடாதீர்கள்.

கொழுந்து பறித்து உழைத்த காசில் வாங்கிய டேட்டா, நம்ம பிள்ளைகளின் படிப்புக்கே போய்ச் சேரட்டும். செட்டிங் மாற்றத் தெரியாதவர்கள் ரவுட்டரைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து செய்வோம்.