வெளியிலிருந்து வந்தவர் தேர்ந்த ஆட்கள்



நம் குடியிருப்பில் உத்தியோக நிமித்தம் வந்து குடியேறியோரே மிகுதி. அலுவலகத்திற்குப் புதிய தலைமை அதிகாரி ஒருவர் வெளியிலிருந்து வருகிறார் என்றால், அவர் யாரை உடன் அழைத்து வருவார், யாரை அகற்றுவார் என்னும் பேச்சே முதலில் எழும் என்பதை நாம் அறிவோம். ஆதலின், அரசியலுக்கே வெளியிலிருந்து வந்து ஒரு பெருநாட்டின் தலைமையேற்ற ஒருவர் ஆட்களைத் தெரிந்தெடுத்த வகையை இன்று சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் படையில் கழித்தவர். 1952-க்கு முன் எத்தேர்தலிலும் நின்றறியார். தாம் எக்கட்சியினர் என்பதையே அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் நாடறியச் செய்தார். வெற்றி பெற்றதும், மந்திரிகளைத் தேடும் பணியைத் தளபதி லூசியஸ் கிளே, வழக்கறிஞர் ஹெர்பர்ட் பிரௌனெல் ஆகிய இருவரிடம் ஒப்புவித்தார். நிதி மந்திரியாக அமர்ந்த ஜார்ஜ் ஹம்ஃப்ரி அவருக்கு முன்னறிமுகமே இல்லாதவர். பழகிய முகங்களையே நாடாத இத்துணிவு போற்றத்தக்கது.

ஆயினும் அவர்கள் தேடிய வட்டம் பெரும்பாலும் செல்வர் வட்டமாகவே இருந்தது. பாதுகாப்பு மந்திரி சார்ல்ஸ் வில்சன், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர். படைக்குத் தளவாடம் விற்கும் அக்கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளை விற்க இசைந்த பின்னரே, 1953 ஜனவரியில் செனட் சபை அவரை ஏற்றது.

வெள்ளை மாளிகையின் அன்றாட அலுவல்களை ஷெர்மன் ஆடம்ஸ் நடத்தினார். கடும் உழைப்பாளி. ஜனாதிபதியிடம் செல்லும் காகிதங்களும் மனிதர்களும் பெரும்பாலும் அவரைக் கடந்தே செல்லவேண்டும். 1958-இல் ஓர் ஆலை முதலாளியிடம் பரிசு பெற்றார் என்னும் புகார் எழுந்தபோது, அவர் தமக்குத் தேவை என ஜனாதிபதி வெளிப்படையாகவே கூறினார். எனினும் அவ்வாண்டு செப்டம்பரில் ஆடம்ஸ் விலக நேர்ந்தது. ஒரே வாயிலை நம்பிக் கட்டிய வீட்டில் அவ்வாயில் பழுதுற்றால் உள்ளிருப்போர் படும் பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை.

நமக்கு மிகுந்த சிந்தனையை அளிப்பது தொழில் மந்திரியின் கதை. குழாய்த் தொழிலாளர் சங்கத் தலைவரும் எதிர்க்கட்சியினருமான மார்ட்டின் டர்கினை அப்பதவிக்கு அழைத்தனர். மந்திரி சபையில் எட்டுச் செல்வரும் ஒரு குழாய்க்காரரும் இருப்பதாக ஒரு பத்திரிகை நகையாடிற்று. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்துவதற்கு ஜனாதிபதி இசைந்துவிட்டார் என்று டர்கின் நம்பினார். திருத்தம் வரவில்லை. எட்டு மாதங்களில், 1953 செப்டம்பரில், அவர் பதவி துறந்தார். நாற்காலி தந்து செவி தராத இவ்வழக்கம் நம்மவர் சங்கச் செயற்குழுக்களிலும் இல்லாமலில்லை. புதிதாய் வந்த குடும்பத்தவரை உறுப்பினராக்கிவிட்டு, முடிவுகளைப் பழையவர் நால்வரே எடுப்பது நாம் கண்டதுதானே!

டர்கினுக்குப் பின் வந்த ஜேம்ஸ் மிட்செல் தொழிற்சங்கத்தவர் அல்லர். பெரிய கடையொன்றில் ஊழியர் உறவுகளைக் கவனித்தவர். ஆயினும் மந்திரி சபையில் தொழிலாளர்க்காகப் பரிந்து பேசுபவர் எனப் பெயர் பெற்றார். 1961 ஜனவரியில் அவ்வாட்சி முடியுமட்டும் அவரே தொழில் மந்திரியாக நீடித்தார்.