பார்த்துச் சொல்பவருக்கு ஊர் கொடுக்கும் கூலி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிலைப் பத்திப் பேசுங்க, ஊரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் நம் சங்கச் செயலாளர். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் போர்வெல் தொழிலில் இருப்பவன். நம் பகுதியில் அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். அதைக் கண்டுபிடிக்க, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருபவர் ஒருவர். நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, கரண்ட் விட்டு, மின்தடையை அளந்து சொல்பவர் இன்னொருவர். கருவிக்காரர் கணக்கும் சில சமயம் தப்பும், அது வேறு. ஆனால் அவர் "இங்கே தண்ணி கிடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டால் தோட்டத்துக்காரர் முகம் சுண்டிப்போகும். "நம்ம காட்டையே குறை சொல்லிட்டுப் போறான்" என்பார். அடுத்த தடவை அவரைக் கூப்பிட மாட்டார்.

மண்ணை அளந்து சொன்னவருக்கே இப்படி என்றால், மனிதர்களைப் பார்த்துச் சொல்பவருக்கு என்ன கிடைக்கும்?

நம் பக்கத்திலேயே ஒருவரைச் சொல்லலாம். எழுத்தாளர் பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுக்காரர். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1991-இல் வந்த 'ஏறுவெயில்' தொடங்கி நம் மேட்டாங்காட்டு வாழ்க்கையைத்தான் எழுதினார். நம் பேச்சில் உள்ள சொற்களைச் சேர்த்து, கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தொகுத்தார். அப்போதெல்லாம் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

2010-இல் 'மாதொருபாகன்' நாவல் வந்தது. பிள்ளை இல்லாத ஒரு தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவும் அதில் வருகிறது. நான்கு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. ஊரையும் பெண்களையும் கோயிலையும் இழிவுபடுத்திவிட்டதாகச் சொன்னார்கள். புத்தகத்தை எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-இல் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தார். 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்ற பொருளில் தன்னைப் பற்றித் தானே அறிவித்தார். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனார்.

நாவலில் இருப்பது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மனம் புண்பட்டவர்கள் உண்மையிலேயே புண்பட்டிருக்கலாம். மறுத்துப் பேசலாம், எதிர்த்துப் புத்தகமே எழுதலாம். என் கேள்வி ஒன்றுதான். சொல்லகராதி தொகுத்த கண்ணும் நாவல் எழுதிய கண்ணும் ஒரே கண்தானே? பிடித்ததைப் பார்க்கும்போது 'நம்ம பையன்', பிடிக்காததைப் பார்த்தால் அந்நியனா?

பார்ப்பதை ஊர் தடுப்பதில்லைங்க. டீக்கடையிலும் எழவு வீட்டிலும் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறோம், பேசுகிறோம். அது உள்ளே இருந்து பேசுவது, அதற்கு மன்னிப்பு உண்டு. ஓரடி தள்ளி நின்று, பார்த்ததைக் காகிதத்தில் எழுதினால்தான் கோபம் வருகிறது. அப்போது அவன் சாதி, சொந்தம், வேலை எல்லாமே கேள்வியாகிவிடுகிறது. ஆனால் தள்ளி நின்று வாயே திறக்காதவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கல்யாணப் பத்திரிகை தவறாமல் வந்துவிடும். அவர் பேசாததற்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

பெருமாள்முருகனுக்காகத் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, மறுபடி எழுதச் சொன்னது. எழுதினார். 2023-இல் 'பூக்குழி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. உலகம் படித்த அந்தக் கதையும் நம் மண்ணின் கதைதான்.

எல்லோருக்கும் கோர்ட்டும் பரிசும் துணைக்கு வருமா? ஆகவே தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரு போனாலும் அமெரிக்கா போனாலும், திரும்பி வரும்போது ஊரைத் தள்ளி நின்றுதான் பார்ப்பீர்கள். பாருங்கள். ஆனால் மேலே நின்று பார்க்காதீர்கள். நல்லது கெட்டதுக்குப் போய் வாருங்கள். உங்கள் அளவு தப்பாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு இந்தக் கல்லூரி மாணவி ஒருவர் சேகோ ஆலைக் கழிவுநீரை அளந்து ப்ராஜக்ட் எழுதலாம். அந்த ஆலை முதலாளி நம் சங்க உறுப்பினராகவே இருக்கலாம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கூடவே நின்று திரும்ப அளக்கச் சொல்லுங்கள். அவர் அப்பாவுக்கு மட்டும் போன் போடாதீர்கள்.