பத்திரத்துக்கு ஒரு பிரதி
(கல்முனையில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் உயிர்களோடும் வீடுகளோடும் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் கடலில் போயின. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது.

சம்பளத்தில் தொழிலாளியின் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்ததுதான் சேமலாப நிதி. அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதிக் கணக்கில் வேறு பெயர் என்றால் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டும். அப்போது கேட்பது பத்திரத்தைத்தான்.

ஆகவே, சங்க அலுவலகத்தில் இருந்த பிரிண்டரிலேயே ஸ்கேன் செய்ய ஒழுங்கு செய்தோம். முதலில், கணினிக்கு மாறாத ஐபி முகவரி கொடுத்தோம். அது மாறினால் பிரிண்டர் அனுப்பும் பிரதி வந்து சேராது. அடுத்து, கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, பிரிண்டருக்கென்றே தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தோம். அவற்றையும் கோப்புறையின் முகவரியையும் பிரிண்டரின் முகவரிப் பட்டியலில் பதிந்தோம். இப்போது பொத்தானை அழுத்தினால் பத்திரம் பிடிஎஃப் ஆகக் கணினிக்கு வந்துவிடும். அங்கத்துவ இலக்கத்தையே கோப்பின் பெயராக இடுகிறோம்.

மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். உரியவர் சம்மதம் இல்லாமல் ஸ்கேன் செய்வதில்லை. மூலப் பத்திரத்தை அப்போதே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். வாராவாரம் இன்னொரு பிரதியை வேறு ஊரில் வைக்கிறோம்.

ஸ்கேன் பிரதி மூலப் பத்திரம் ஆகாது. ஆனால் அதிலுள்ள பதிவிலக்கமும் திகதியும் இருந்தால், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதிக்கு விண்ணப்பிப்பது எளிது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரங்களையும் கொண்டு வாருங்கள்.