கக்கூசுக்கு ஒரு தண்ணீர் லைன்

(பாளையம்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வரவு செலவு வாசிச்சாச்சு, கடன் வசூலும் பேசியாச்சு. இனி கொஞ்ச நேரம் கக்கூஸைப் பற்றிப் பேசுவோம். சிரிக்காதீங்க, இதுவும் நம்ம கணக்குதான்.

நாங்கள் வீடு வீடாகப் போகும்போது கழிப்பறைக் கதவைத் திறந்து பார்ப்பது வழக்கம். சில வீடுகளில் உள்ளே விறகு அடுக்கியிருக்கும். ஏம்மா என்று கேட்டால், "தண்ணி யாரு சுமக்குறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆம்பளை வாளியை எடுத்துக்கொண்டு போவார், அந்த வாளியை நிரப்பி வைப்பது நாம்தான். அதற்குப் பயந்தே கருவேலங்காட்டுப் பக்கம் இருட்டில் போகிறோம். சாயந்தரத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் அடக்குகிறோம். மாதவிலக்கு நாட்களில் வயசுப் பிள்ளைகள் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

2001க்குப் பிறகு ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள், நினைவிருக்கும். பராமரிப்பு நம்மைப் போன்ற குழுக்களிடம் வந்தது. மோட்டார் ஓடியவரை பல ஊர்களில் வளாகமும் ஓடியது. மோட்டார் நின்றதும் பூட்டு விழுந்தது. 2011-12இல் அவற்றைப் பழுது பார்க்க அரசு தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. 2014இல் தூய்மை பாரதத் திட்டம் வந்தபோது வீட்டுக் கழிப்பறைக்கான தொகையை 10,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக்கினார்கள். தண்ணீர் வசதியும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. பல வீடுகளில் சுவரும் கதவும் வந்தன, தண்ணீர் வரவில்லை.

எவ்வளவு தண்ணீர் வேணும்? சரிவு அதிகமான கிராமத்துப் பேசினில் ஊற்ற 2 லிட்டர் போதும். கழுவுவதையும் சேர்த்து 5 லிட்டர் வையுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு தடவை என்றால் 50 லிட்டர், மூன்றரைக் குடம். டவுனில் பார்த்தோம் என்று 10 லிட்டர் பிளஷ் டேங்க் மாட்டினால் அதே வீட்டுக்கு ஒன்பது குடம் ஆகும். நம்ம வறண்ட பூமிக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு மக் போதும்.

முக்கியமான விஷயம் இது. பஞ்சாயத்துக் குழாயில் டியூப் மாட்டி நேராகக் கக்கூஸ் வாளிக்குள் போடாதீங்க. தண்ணீர் நிற்கும்போது தெருப் பைப் காலியாகி உள்பக்கம் இழுக்கும். டியூப் நுனி வாளிக்குள் கிடந்தால் அந்தத் தண்ணீர் குடிதண்ணீர்ப் பைப்புக்குள் போய்விடும். மறுமுறை திறக்கும்போது பக்கத்து வீட்டு மதினி குடத்தில் அதுதான் விழும். தெருப் பைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

அதனால் தனித் தொட்டி வேணும். 200 லிட்டர் டிரம் போதும். கழிப்பறைச் சுவரை ஒட்டி வெளியே இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் வையுங்கள். குடத்தைத் தூக்கி ஊற்றவும் எட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏற்ற வேண்டாம், 200 லிட்டர் என்றால் 200 கிலோ பாரம். பைப்பால் நிரப்புவதானால், பைப் வாய் தொட்டித் தண்ணீருக்கு நாலு விரல் மேலேயே நிற்கட்டும். இதற்கு உப்புத்தண்ணீர் போதும். வண்டித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி இதில் ஊற்றாதீங்க. அரிசி கழுவியது, துணி அலசியது எல்லாம் பேசினில் நேரே ஊற்றலாம், தொட்டிக்குள் மட்டும் வேண்டாம், நாறிவிடும். மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கொசு.

டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் மேலே டேங்க் நிப்பிள், அடுத்து ஒரு வால்வு, அங்கிருந்து முக்கால் இஞ்ச் பைப் சுவரைத் துளைத்து உள்ளே, முழங்கால் உயரத்தில் குழாய். அவ்வளவுதான் லைன். வால்வை விட்டுவிட்டால் மிச்சம் என்று கொத்தனார் சொல்வார், கேட்காதீங்க. உப்புத்தண்ணீர் குழாயைச் சீக்கிரம் அரித்துவிடும், மாற்றும்போது டிரம் முழுக்கக் கொட்டிவிட வேண்டியிருக்கும்.

தொட்டி தள்ளி இருந்து பைப்பை மண்ணில் கொண்டுபோக வேண்டியிருந்தால், நம்ம கரிசல் மண்ணை நம்பாதீங்க. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஒட்டின இடத்தில் பைப் விட்டுவிடும். ஒரு முழத்துக்குக் குறையாமல் தோண்டி, அடியிலும் மேலிலும் மணல் போட்டு மூடுங்கள். வெளியே தெரியும் பைப்புக்கு பெயிண்ட் அடிங்க, வெயிலில் நொறுங்காது.

சொலூஷன் போட்டு ஒட்டினால் ஒரு ராத்திரி காயட்டும், மறுநாள் தண்ணீர் விடுங்கள். குழுவில் உள்கடன் கேட்பவர்கள் கடையில் விலைச்சீட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. எத்தனை அடி பைப் என்று அளந்துட்டு வாங்க, கண்ணளவு வேண்டாம்.