ஊசி போட்டு இருபது வருஷம் ஆகிவிட்டதே!

ஹெபடைடிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ். தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்குப் போகும், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் போகும், உடலுறவு வழியாகவும் போகும். கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ கை குலுக்குவதாலோ பரவாது. நோயைப் பற்றி இன்றைக்கு இவ்வளவு போதும். குழந்தையாக இருக்கும்போது போட்ட ஊசி எத்தனை வருஷம் காக்கும் என்ற கேள்விக்குத்தான் மீதி நேரமெல்லாம் வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்ப்போம். பத்து யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று கணக்கு. ஒரு மாணவி ரிப்போர்ட்டோடு ஓடி வந்தாள். நாலு யூனிட்தான் இருந்தது. கையிலே அம்மா பத்திரப்படுத்திய பழைய தடுப்பூசி அட்டை. கைக்குழந்தையாக இருந்தபோதே மூன்று ஊசியும் போட்டாகிவிட்டது. "மேடம், அப்ப எனக்குப் போட்டதெல்லாம் வீணாப் போச்சா?" என்று கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். அளவு ஐந்நூறைத் தாண்டியிருந்தது!

புதிதாக ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஒரே ஊசியில் இப்படி ஏறுவது அபூர்வம். அவள் உடம்பு அந்த வைரஸின் அடையாளத்தை மறக்கவே இல்லை.

விவசாயக் குடும்பத்து நேயர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அறுவடையான நெல்லில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு விதைக்கு. சாப்பாட்டு நெல் மாதாமாதம் குறையும். விதைநெல்லில் யாரும் கை வைப்பதில்லை. ரத்தப் பரிசோதனையில் நாம் அளக்கும் எதிர்ப்பொருள் சாப்பாட்டு நெல். உடம்பு ஒதுக்கி வைத்திருக்கும் நினைவு செல்கள்தான் விதைநெல். வழக்கமான பரிசோதனை அந்தச் செல்களை அளப்பதே இல்லை.

விதைத்து விளைவதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. ஹெபடைடிஸ் பி நிதானமாக வளரும் வைரஸ். உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்பட ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். நினைவு செல்கள் விழித்து எதிர்ப்பொருளைப் பெருக்கச் சில நாட்களே போதும். வைரஸின் இந்த நிதானம்தான் நமக்கு வாய்த்த பெரிய அனுகூலம்.

இப்போது உங்களை அலாஸ்காவுக்கு அழைத்துப் போகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலை. பல கிராமங்களுக்குச் சாலையே கிடையாது. சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே வாழும் பூர்வகுடி மக்களிடையே இந்த வைரஸ் மிக அதிகமாகப் பரவியிருந்தது. இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்த ஊர்கள் அவை. 1981-இல் அந்தக் கிராமங்களில் ஆறு மாதக் குழந்தை முதல் பெரியவர்கள் வரை 1,578 பேருக்கு மூன்று தவணை ஊசி போட்டார்கள். இன்றைக்கு ஈஸ்ட்டில் தயாராகும் ஊசி அப்போது வரவில்லை. ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த முதல் தலைமுறை ஊசி அது.

ஊசி போட்டதோடு விட்டுவிடாமல், வருஷக்கணக்கில் அதே மனிதர்களைத் தேடிப் போனார்கள். 30 ஆண்டுகளுக்குப் பிறகு, இடையில் பூஸ்டர் என்ற கூடுதல் ஊசியே போட்டுக்கொள்ளாத 243 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு எதிர்ப்பொருள் இன்னமும் பத்துக்கு மேல் இருந்தது. அளவு குறைந்திருந்தவர்களுக்கு ஒரு பூஸ்டர் கொடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 88 பேருக்கு ஒரே மாதத்தில் ஏறிவிட்டது. என் மாணவிக்கு நடந்ததேதான்! 35-ஆவது ஆண்டிலும் பார்த்தார்கள். 86 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு இருப்பதற்கான சான்று கிடைத்தது.

பின்னால் அலாஸ்கா முழுவதும் பிறந்த குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள், விட்டுப்போன பிள்ளைகளையும் தேடிப் போட்டார்கள். பேனா எடுக்க வேண்டாம், இந்த இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1987-இல் அந்தப் பூர்வகுடி மக்களிடையே வைரஸ் தங்கியிருந்த இருபது வயதுக்குட்பட்டோர் 657 பேர். 2008-இல் இரண்டே பேர். 1999-க்குப் பிறகு அந்த வயதில் ஒருவருக்குக்கூடக் கல்லீரல் புற்றுநோய் வரவில்லை என்று 2011-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுத்துவிடும்.

1984-இலேயே குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தைவானிலும் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. அதை விவரிக்க இன்று நேரம் இல்லை.

ஆகவே, "ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பூஸ்டர்" என்று பழைய அட்டையில் எழுதியிருந்தால் கவலைப்பட வேண்டாம். குழந்தையில் எல்லாத் தவணையும் முடித்த, ஆரோக்கியமான ஒருவருக்குப் பூஸ்டர் தேவையில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், என்னைப்போல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள், இவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் அவசரம் முதல் ஊசிக்குத்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஜீரோ டோஸ் என்பது இதைத்தான். பிரசவ வார்டில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்ச ஒடம்பு டாக்டரம்மா, ஒரு மாசம் போகட்டுமே" என்றார். பேரப்பிள்ளை மீதிருந்த பாசம்தான் அப்படிப் பேச வைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அம்மா, பெரியவங்களுக்கு இந்தக் கிருமி வந்தா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல தானாப் போயிடும். பொறந்த உடனே தொத்திக்கிட்டா பத்துல ஒம்போது குழந்தைக்குப் போகவே போகாது." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழந்தையை அவரே என்னிடம் தூக்கிக் கொடுத்தார். தாய்க்கு வைரஸ் இருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துக் கொடுப்போம். பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியிலேயே இந்த மருந்தும் சேர்ந்து வந்துவிடும். அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம்.

இந்த வாரம் பிரசவத்தை எதிர்பார்க்கும் வீடுகளிலும் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும். வார்டில் சிஸ்டரிடம், "ஹெபடைடிஸ் பி ஜீரோ டோஸ் போட்டாச்சா?" என்று மறக்காமல் ஒரு வார்த்தை கேளுங்கள்.