நான் பார்த்த மூன்று படங்கள்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாக் கூட்டத்தில், தையல் தொழில் செய்யும் தோழர் ஒருவர் பேசியதன் சாரம்.)



இந்த விழாவில் சினிமாவைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம். நான் படம் எடுத்தவனல்ல, நடித்தவனல்ல, பத்திரிகைக்கு விமரிசனம் எழுதுகின்றவனுமல்ல. தையல் மிஷினை மிதித்துப் பிழைக்கின்றவன். ஆனால் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த சிறு வயது முதல் இன்றுவரை, கைக்காசு கொடுத்து டிக்கட்டு வாங்கிப் படம் பார்த்து வருகின்றவன் என்கின்ற ஒரு யோக்கியதை எனக்கு உண்டு. கடைக்காரனிடம் துணி வாங்கினவனுக்கு, சாயம் போயிற்றா இல்லையா என்று சொல்லப் பாத்தியதை இல்லையா? அந்தப் பாத்தியதையைக் கொண்டுதான் பேசுகின்றேன். நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டுமென்று கேட்கவில்லை. நீங்களும் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நமது நாட்டில் தமிழ் பேசும் படம் 1931-ல் "காளிதாஸ்" என்பதோடு ஆரம்பமாயிற்று. அதற்குப் பிறகு வெகு காலத்திற்குப் புராணக் கதைகளே வந்துகொண்டிருந்தன. 1935-ல் "பக்த நந்தனார்" என்று ஒரு படம் வந்தது. கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஆண் வேடத்தில் நந்தனாராக நடிப்பதற்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்த "நந்தனார்" வந்தது. பாட்டு நன்றாய் இருந்தது, ஜனங்கள் உருகினார்கள். ஆனால் கதை என்ன? பண்ணையில் உழைக்கின்ற ஒருவன் கோவிலைப் பார்க்க ஆசைப்பட்டான். நெருப்பில் இறங்கினபிறகுதான் அவனுக்கு வழி கிடைத்தது என்பதேயாகும். நெருப்பு மூட்டினவர்களை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஒருவர்தான் அந்தக் கதையைத் திருப்பிப் போட்டார். அவருடைய "கிந்தனார்" நெருப்பில் இறங்கவில்லை. ரயிலில் ஏறினான், படித்தான், உயர்ந்து திரும்பி வந்தான். அந்தக் கதாகாலட்சேபம் 1949-ல் "நல்லதம்பி" படத்திலும் இடம் பெற்றது.

இதை எதற்காகச் சொல்லுகின்றேன் என்றால், அதே நந்தனுடைய பெயரை வைத்துக்கொண்டு 2024 செப்டம்பரில் ஒரு படம் வந்தது. இரா. சரவணன் எடுத்தது, சசிகுமார் நடித்தது, பெயர் "நந்தன்". நான் பேச எடுத்துக்கொண்ட மூன்று படங்களில் இதை முதலாவதாக வைத்துக் கொள்ளுகின்றேன்.

இந்த நந்தனுக்குக் கோவில் ஆசை இல்லை. அவனை ஊரில் கூழ்ப்பானை என்றுதான் கூப்பிடுவார்கள். எஜமானிடத்தில் அவ்வளவு விசுவாசம் உள்ளவன். ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடவே, பரம்பரையாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், தமக்கு அடங்கினவன் இவன்தானே என்று இவனை நிற்க வைக்கின்றார். இவன் தலைவனாகியும் விடுகின்றான். தலைவனாகி என்ன? நாற்காலி ஒருவருக்கு, கையெழுத்து மாத்திரம் இன்னொருவனுக்கு என்கின்ற கதைதான். தன் பாட்டி செத்தபோது பிணத்தை அடக்கம் செய்ய இடம் கேட்டு அலைகின்றபோதுதான், தான் யார் என்பது அவனுக்கே விளங்குகின்றது.

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் மதுரை ஜில்லாவின் சங்கதியை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996-ல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தால் 2006 வரையில், அதாவது பத்து வருஷகாலம், ஒழுங்காய் ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில் தேர்தல் நடந்தது. ஜெயித்துத் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30-ந் தேதி பஸ்ஸை மறித்து, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். ஆகவே, சட்டம் நாற்காலியைக் கொடுத்தாலும் ஊர் அதில் உட்கார விடவில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் படத்தில் எனக்குக் குறை உண்டு. அவமானத்தின்மேல் அவமானமாகக் காட்டிக்கொண்டே போகின்றார்கள். ஒரு மனிதன் அவ்வளவு பட்டும் ஒரு நாளாவது மனதிற்குள்ளாவது முணுமுணுத்திருக்க மாட்டானா? அவனுடைய மனைவிக்கு இருக்கின்ற ரோஷத்தில் கால்பங்கு அவனுக்கும் இருந்திருந்தால் படம் இன்னும் நம்பும்படியாய் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நிற்க, இரண்டாவது படம் மாரி செல்வராஜ் எடுத்த "வாழை". 2024 ஆகஸ்டு 23-ந் தேதி வந்தது. வாழைத்தார் சுமக்கின்ற ஒரு பையனுடைய கதை. இயக்குநர் தம்முடைய பிள்ளைப் பிராயத்தை வைத்தே எடுத்திருக்கின்றார். நம் பிள்ளைகள் சனி, ஞாயிறு எப்பொழுது வரும் என்று காத்திருக்கின்றன. இந்தப் பையன் ஏன் சனிக்கிழமை வருகின்றது என்று அழுகின்றான். ஏனெனில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் தார் சுமக்கப் போக வேண்டும். தாய் வாங்கின முன்பணம் கழிய வேண்டும். கழுத்து வலிக்கின்றது என்று சொல்லுகின்ற பிள்ளையைத் தாய் அடித்து அனுப்புகின்றாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல நம்மால் முடிகின்றதா? முடியவில்லை. அதுதான் அந்தப் படத்தின் பலம்.

கூலிக்காரர்கள் ஒரு தாருக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கேட்கின்றார்கள். வியாபாரி மாட்டேன் என்கின்றான். பிறகு வேறு வழியின்றி ஒப்புக்கொள்ளுகின்றான். ஒப்புக்கொண்டு அந்த ரூபாயை எங்கே பிடிக்கின்றான் தெரியுமா? ஆட்கள் திரும்பிப்போகத் தனி வண்டி வைப்பதை நிறுத்துகின்றான். தார் ஏற்றின லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகின்றான். லாரி கவிழ்கின்றது. ஊரே பிணக்காடு ஆகின்றது.

தோழர்களே! நான் பார்த்த கொட்டகையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் தலைவிதி" என்று சொன்னார். நல்ல மனிதர், மனம் உருகித்தான் சொன்னார். ஆனால் நான் கேட்கின்றேன்: எழுதினவன் தலையிலா எழுதினான்? வியாபாரியின் கணக்கு நோட்டில் அல்லவா எழுதியிருக்கின்றது! தாருக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்து ஒருவன் செய்த காரியம் அது. படம் அந்தக் கணக்கை நமக்கு முன்னமே காட்டிவிட்டது. காட்டின பிறகும் நம் வாயில் விதி என்றுதான் வருகின்றது என்றால், அந்த வார்த்தை நமக்கு எவ்வளவு சுலபமாய்ப் பழகிப் போய்விட்டது பாருங்கள்! விதி என்று சொல்லிவிட்டால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கணக்கு என்று தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டி வரும்.

இனி மூன்றாவது படம். இதைப் பற்றிப் பேசத்தான் நான் முக்கியமாய் இங்கு வந்தேன். "வாழை" வெளிவந்த அதே நாளில் வெளிவந்த "கொட்டுக்காளி". பி. எஸ். வினோத்ராஜ் எடுத்தது. இவருடைய முதல் படமான "கூழாங்கல்" 2021-ல் ராட்டர்டாம் பட விழாவில் புலி விருது பெற்றது. "கொட்டுக்காளி" 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் முதலில் காட்டப்பட்டது.

கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி என்று அர்த்தம். மீனா என்று ஒரு பெண். அவளை முறைமாமன் பாண்டிக்கு என்று பேசி வைத்திருக்கின்றார்கள். அவள் மனதிலோ வேறு ஜாதிப் பையன் ஒருவன். அதனால் அவளுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, குடும்பமே திரண்டு, ஓர் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிள்களிலுமாக ஒரு சாமியாரிடம் கொண்டு போகின்றார்கள். பலிகொடுக்க ஒரு சேவலும் அதே ஆட்டோவில் வருகின்றது. படம் முழுவதும் இந்தப் பிரயாணந்தான். பாட்டு இல்லை, பின்னணி வாத்தியம் இல்லை, வண்டிச் சத்தமும் காற்றுச் சத்தமும் மாத்திரமே. அந்தப் பெண் அநேகமாய்ப் பேசுவதே இல்லை. பாண்டியாக சூரியும் மீனாவாக அன்னா பென்னும் நடித்திருக்கின்றார்கள்.

மறைக்காமல் சொல்லுகின்றேன், முதல் அரைமணி நேரம் எனக்கும் சலிப்பாய் இருந்தது. கொட்டகையில் சிலர் கூச்சல் போட்டார்கள். சிலர் எழுந்தும் போனார்கள். பிறகு வழியில் ஒலிபெருக்கியில் வந்த ஒரு சினிமாப் பாட்டை அந்தப் பெண் வாய்க்குள் முணுமுணுக்கின்றாள். அதற்காகப் பாண்டி அவளை அடிக்கின்றான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கின்றான். அதோடு கொட்டகையில் சத்தம் அடங்கிவிட்டது.

இன்னொரு காட்சி. வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கின்றது. மீசை வைத்த ஆண்கள் இத்தனை பேருக்கும் கிட்டப்போகத் தைரியம் இல்லை. ஒரு சிறு பெண் வருகின்றாள். காளையைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் சாமியாரிடத்தில் போய்ச் சேருகின்றார்கள். அங்கே வேறொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டுகின்றேன் என்று அவன் செய்வதைப் பாண்டி பார்க்கின்றான். பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகின்றது. "முடிவு எங்கே? காசைத் திருப்பிக் கொடு" என்று பின்னால் ஒருவர் சத்தம் போட்டார்.

தோழர்களே! எனக்கு முடிவு தெரியும். ஏனென்றால் அந்த வண்டியில் நானும் ஒருமுறை போயிருக்கின்றேன்.

இதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆனாலும் சொல்ல வேண்டியதே. 2009-ம் வருஷம் என் அண்ணன் மகள் சாப்பிடாமல், பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டாவது பாஸ் செய்திருந்தாள். மேலே படிக்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்றார்கள். விஷயம் இவ்வளவுதான். இதற்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள். வேன் பிடித்தார்கள். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். அப்பொழுதே நான் இந்தப் படிப்பகத்தில் உறுப்பினன். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்லுகின்றவன். ஆனால் அன்று அண்ணனிடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூசாரி உள்ளே வேப்பிலையால் அடித்த சத்தம் வெளியில் எனக்குக் கேட்டது. நான் வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டு இருந்தேன். எனக்கு நம்பிக்கையில்லை, ஆகையால் உள்ளே போகவில்லை என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வருஷமே அவளுக்குக் கலியாணம் ஆயிற்று. பேய் போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கொட்டுக்காளின்னு ஒரு படம் வந்திருக்கும்மா" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நானும் பார்த்தேன் சித்தப்பா. வண்டிக்குப் பின்னாலே மோட்டார் சைக்கிள்லே வர்றாங்களே, அவங்களைப் பார்த்ததும் உங்க ஞாபகம்தான் வந்தது" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் எதுக்கு சித்தப்பா? எங்க பொண்ணு எட்டாவது படிக்கிறா. நாளைக்கு அவளை யாராவது கூட்டிட்டுப் போறோம்னு கிளம்பினா, நீங்க பின்னாலே வராதீங்க. முன்னாலே வந்து வண்டியை மறிச்சு நில்லுங்க."

தோழர்களே! நாம் கூட்டம் போடுகின்றோம், கை தட்டுகின்றோம், பேய் பிசாசைப் பற்றிக் கேலி பேசிச் சிரிக்கின்றோம். வீட்டிலே வண்டி புறப்படுகின்ற அன்று நம்முடைய பகுத்தறிவு எங்கே நிற்கின்றது? மரத்தடி நிழலிலா, வண்டிக்கு முன்னாலா? சாமியார் ஒருவன்தான், அவனுக்குச் சேவலோடு பெண்ணையும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றவர்கள் பத்துப் பேர். நம்பிக்கையுள்ளவர்கள் அதில் பாதி இருந்தால் அதிகம். மற்றவர்கள் என்னைப்போல், அண்ணன் கோபித்துக்கொள்வாரே, சொந்தம் விட்டுப்போகுமே என்று வாயை மூடிக்கொண்டு பின்னால் போகின்றவர்களேயாவார்கள்.

படம் பார்த்தால் பொழுது போகவேண்டும் என்று சொல்லுகின்றவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானும் பொழுதுபோக்கத்தான் பெரும்பாலும் போகின்றேன்; சிரிக்கின்றேன்; விசில் அடிக்காவிட்டாலும் தாளம் போடுகின்றேன். ஆனால் எப்பொழுதாவது ஒரு படம் வந்து, நீ எந்த வண்டியில் போனாய் என்று நம்மைக் கேட்டுவிடுகின்றது. அப்படிப்பட்ட படங்கள் கொட்டகையில் ஒரு வாரங்கூட நிற்பதில்லை. அவைகளுக்கு நம்முடைய டிக்கட்டுக் காசும் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன். தாய்மார்களையும் பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து முடிவு இல்லையே என்று சொல்லாதீர்கள். அந்த முடிவை நம் வீட்டு வாசலில் நாம்தான் செய்ய வேண்டும்.