தீங்கற்றது என்னும் சொல்லும் காந்தப் படிமம் காட்டும் உண்மையும்



மொழி வளர்க்கும் அவையில் மூக்கினுள் வளரும் கட்டிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நோயை அறிபவர் மருத்துவர். அறிந்ததை நோயாளியின் நெஞ்சில் சேர்ப்பதோ அவருடைய தாய்மொழி. அங்கே ஒரு சொல் பிழைபட்டால் அச்சமும் அலட்சியமும் இடம்மாறிவிடும். புற்றுநோய் அல்லாத கட்டியை நாம் "தீங்கற்ற கட்டி" என்று வழங்கி வருகிறோம். நாசிக்குழியைப் பொறுத்தவரை அச்சொல் எத்துணை உண்மையானது என்பதைக் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தின் துணைகொண்டு இன்று ஆராய்வோம். எம்.ஆர்.ஐ. என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே.

முதலில் அக்கருவி செயற்படும் முறையைக் காண்போம். நம் உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. வலிமைமிக்க காந்தப்புலத்தினுள் நாம் படுக்கும்போது அவற்றின் கருக்களுள் ஒரு சிறு பங்கு அப்புலத்தின் திசையில் ஒழுங்குறுகிறது. பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள கருவிகள் 1.5 அல்லது 3 டெஸ்லா ஆற்றல் உடையவை. 1.5 டெஸ்லா என்பது புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. வானொலி அலையால் அக்கருக்களைச் சற்றே நிலைகுலையச் செய்தால், அவை மீளும்போது மெல்லிய குறிகை ஒன்றை வெளியிடும். மீளும் விரைவு திசுவுக்குத் திசு வேறுபடும். அவ்வேறுபாடே படமாகிறது. இக்குறிகைகளைக் கொண்டு படம் அமைக்கலாம் என்பதைப் பால் லாட்டர்பர் 1973இல் வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரே இடத்தை இக்கருவி பல வகைகளில் படமெடுக்கும். டி1 வகைப் படத்தில் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவும் தோன்றும். டி2 வகைப் படத்தில் நீர் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். பின்னர்க் காடோலினியம் அடங்கிய மருந்தைச் சிரைவழிச் செலுத்தி மீண்டும் படமெடுத்தால், இரத்த ஓட்டம் மிகுந்த பகுதிகள் ஒளிரும்.

இனி, மூக்கினுள் காணப்படும் வளர்ச்சிகளைப் பிரித்தறியும் வகையைப் பார்ப்போம்.

மக்கள் "மூக்கில் சதை வளர்ச்சி" என்று கூறும் பாலிப், நீர்கோத்து வீங்கிய சளிச்சவ்வே ஆகும். டி2 படத்தில் அது வெண்மையாகத் தோன்றும். மருந்து செலுத்தியபின் அதன் மேற்போர்வை மட்டுமே ஒளிரும், உட்பகுதி ஒளிராது.

உள்நோக்கி வளரும் பாப்பிலோமா பெரும்பாலும் நாசிக்குழியின் பக்கச்சுவரில் தோன்றுவது. அதன் மேற்றோல் உட்புறமாக மடிந்து மடிந்து வளர்வதால், படத்தில் கருமையும் வெண்மையும் மாறிமாறி மூளையின் மடிப்புகளைப்போல் வரிவரியாகத் தெரியும். இதுவும் புற்றன்று. ஆயினும் வேரோடு அகற்றாவிடில் மீண்டும் வளரும். சிலரிடத்தில் இதனுள்ளேயே புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. அவ்வரிகள் ஓரிடத்தில் மட்டும் கலைந்திருந்தால் மருத்துவர் அவ்விடத்தை ஐயுறுவார்; திசு எடுக்க வேண்டிய இடமும் அதுவே.

இளம்பருவ இரத்தக்குழாய் நார்க்கட்டி பெரும்பாலும் பதின்பருவ ஆண்களையே தாக்குவது. ஒரு பக்க மூக்கடைப்பும் அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வடிதலும் அதன் அறிகுறிகள். படத்தில் கட்டி முழுவதும் மிகுதியாக ஒளிரும். இடையிடையே மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். விரைந்தோடும் இரத்தம் குறிகை பதிவாகுமுன் அவ்விடத்தைக் கடந்துவிடுவதால் குழாய்கள் கருமையாகத் தோன்றுகின்றன. இக்கட்டியும் புற்றன்று. ஆனால் என்னவென்று அறியாமல், படமெடுக்காமல், சிறு துண்டு கிள்ளி எடுத்துப் பார்க்க முயன்றால், உயிருக்கே ஊறு விளைவிக்கும் இரத்தப்பெருக்கு நேரலாம்.

மற்றொன்று, கட்டிபோல் தோன்றினும் கட்டியே அன்று. மண்டையோட்டின் அடித்தளத்தில் பிறவியிலேயே உள்ள இடைவெளி வழியாக மூளைத் திசு மூக்கினுள் இறங்கியிருக்கும். முன்மண்டைப் பகுதியில் ஏற்படும் இத்தகைய பிதுக்கம் மேலை நாடுகளைவிட நம் தென்கிழக்காசியாவில் மிகுதி. சதை வளர்ச்சி என்றெண்ணி இதனை வெட்டினால் மூளைத்தண்டுவட நீர் கசியும். மூளையுறை அழற்சியும் உண்டாகலாம். உள்ளிருந்து மூளைவரை நீளும் தொடர்பை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. எலும்பின் நுண்மாற்றங்களைச் சி.டி. படமே நன்கு காட்டும். உலர்ந்து இறுகிய சளி டி2 படத்தில் காற்றைப்போல் கருமையாகத் தோன்றி ஏமாற்றும். வரிவரியான தோற்றம் சில புற்றுக்கட்டிகளிலும் காணப்படுவதுண்டு. ஆதலால் பல கட்டிகளில் இறுதி முடிவு திசு ஆய்வுக்கே உரியது. அதனைச் செய்யலாமா, எங்கே செய்வது என்பதைப் படம் வழிகாட்டுகிறது.

இப்போது நம் சொல்லுக்குத் திரும்புவோம். "உங்கள் மகனுக்கு உள்ளது தீங்கற்ற கட்டி" என்று கேட்ட தாய், "அப்படியானால் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணினால் அது அவர் பிழையா? தீங்கில்லை என்பது ஒரு தீர்ப்பு. புற்றில்லை என்பது ஓர் உண்மை. நாம் அறிந்திருப்பது உண்மையை மட்டுமே. தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது நம் சொல். ஆதலின் "புற்றல்லாக் கட்டி" என்று வழங்குவதே பொருத்தம் என்பது நம் கருத்து. அச்சொல் வீண் அச்சத்தையும் நீக்கும்; "பின் இது என்ன கட்டி?" என்ற அடுத்த வினாவையும் எழுப்பும். அவ்வினாவே நோயாளியைக் காப்பது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்க்கு மூக்கில் இரத்தம் வடிவது பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. ஆயினும் ஒரே பக்கத்தில் மீண்டும் மீண்டும் வடிந்து, அப்பக்கம் அடைத்தும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் கூறுங்கள். மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் மொழிபெயர்ப்பாளராகலாம். எத்துறையில் நின்றாலும், அறிந்த அளவை மிகாமலும் குறையாமலும் சொல்லும் சொல்லைத் தேடுங்கள்.